வானில் ஒரு நெருப்புப் பந்து: வாசகர் கேள்விகள்

வானத்திலிருந்து விழும் வெளிச்சங்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: இரவு ஒன்பது மணிக்கு மேல் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். பச்சையும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம் தெற்கிலிருந்து மேற்கே பாய்ந்தது. கைப்பிடிச் சுவரின் நிழல் தரையில் ஓடியது. கடைசியில் மூன்றாக உடைந்து அணைந்துவிட்டது. நாலைந்து விநாடிதான் இருக்கும். அது என்ன? யாரிடமாவது சொல்ல வேண்டுமா? (வாசகி, திண்டுக்கல்)

ப: நீங்கள் பார்த்தது எரிகல்தான், அதிலும் பெரிய வகை. வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமாக எரியும் எரிகல்லைத் 'தீப்பந்து' என்ற தனிக் கணக்கில் வைக்கிறார்கள். வானியல் அளவில் வெள்ளியின் ஒளி மைனஸ் 4, முழுநிலாவின் ஒளி மைனஸ் 12.7. எண் கீழே போகப் போக ஒளி கூடும். சுவரின் நிழல் தரையில் ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியிலிருந்தே உங்கள் தீப்பந்து வெள்ளியை வெகுவாகத் தாண்டி நிலாவின் பக்கம் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கல் பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. வெள்ளி அளவு ஒளிக்குக் கோலிக்குண்டிலிருந்து எலுமிச்சம்பழம் வரையுள்ள ஒரு கல் போதும். அது விநாடிக்கு 11 முதல் 72 கி.மீ. வேகத்தில் காற்றுக்குள் நுழைகிறது. அந்த வேகத்தில் முன்னால் இருக்கும் காற்று விலக நேரமில்லாமல் நசுங்கிக் கொதிக்கிறது, கல்லின் மேற்பரப்பு உருகி ஆவியாகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி அந்த ஆவியும் காற்றும் சேர்ந்து தருவது. பெரும்பாலும் 100 கி.மீ. உயரத்தையொட்டி எரியத் தொடங்கும்.

சொல்ல வேண்டுமா என்றால், அவசியம் சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிடத்துக்குள் நீங்கள் குறித்து வைப்பதுதான் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது. பக்கத்து வீட்டாரிடம் பேசுவதற்கு முன்பே குறித்துவிடுங்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டால் இரண்டு நினைவும் ஒன்றாகிவிடும். இரண்டு தனிச் சாட்சிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் மிஞ்சும்.

முதலில் நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள். செல்போனில் மணி பார்த்து நிமிடம், முடிந்தால் விநாடி வரை குறியுங்கள். அடுத்து, அது முதலில் கண்ணில் பட்ட இடமும் கடைசியாக அணைந்த இடமும். 'தென்னைமரத்துக்கு வலது பக்கம்', 'தண்ணீர்த் தொட்டியின் மூலைக்கு மேலே' என்று அடையாளமாக எழுதுங்கள். மறுநாள் பகலில் அதே இடத்தில் நின்று, அந்த அடையாளங்களின் திசையைச் செல்போன் திசைகாட்டியில் டிகிரியாகப் பாருங்கள். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. இரும்புக் கைப்பிடி, கம்பி, பைக், தண்ணீர் மோட்டார் அருகில் திசைகாட்டி பிசகும். இரண்டடி தள்ளி நின்று ஒருமுறை, திரும்பி வந்து ஒருமுறை பார்த்து, இரண்டும் ஒத்தால் எழுதுங்கள்.

உயரத்துக்கு உங்கள் கையே கருவி. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் வானத்தில் அது ஏறக்குறைய 10 டிகிரியை மறைக்கும். சாண் விரித்தால் 20க்குச் சற்று மேல், சுண்டுவிரலின் அகலம் 1. எண்ணத் தொடங்குவது கண்மட்டத்திலிருந்து. கைப்பிடிச் சுவரின் விளிம்பிலிருந்து எண்ணினால் கணக்குத் தப்பும். கண்மட்டத்திலிருந்து உச்சி வரை முஷ்டிமேல் முஷ்டி வைத்துப் பாருங்கள். ஒன்பது வந்தால் உங்கள் கை சரி. எட்டோ பத்தோ வந்தால் அதற்கேற்றபடி வகுத்துக்கொள்ளுங்கள். கையால் அளக்காமல் மனத்தால் சொல்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே உயரத்தைக் கூட்டித்தான் சொல்கிறார்கள். அளந்தால் 30 டிகிரி இருப்பதைப் 'பாதி வானம்' என்பார்கள், 60 டிகிரி இருப்பது 'தலைக்கு நேர் மேலே' ஆகிவிடும்.

நேரத்துக்கு, பார்த்ததை மனத்தில் மறுபடி ஓடவிட்டு 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று சாதாரண வேகத்தில் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு விநாடி. பிறகு நிறம், எத்தனை துண்டு, வழியில் ஒளி திடீரென்று கூடியதா, போன பாதையில் கோடு நின்றதா, நின்றால் எத்தனை விநாடி. எல்லாம் எழுதியபின் அங்கேயே பத்து நிமிடம் அமைதியாக நின்று காது கொடுங்கள். காரணம் இன்னொரு பதிலில் வருகிறது.

பதிவு செய்ய, சர்வதேச எரிகல் அமைப்பின் (ஐ.எம்.ஓ.) இணையதளத்தில் தீப்பந்துப் படிவம் இருக்கிறது. நின்ற இடம், தொடங்கிய திசையும் உயரமும், முடிந்த திசையும் உயரமும், ஒளி, நேரம், சத்தம் ஆகியவற்றைத்தான் கேட்பார்கள். நின்ற இடத்தைக் கூகுள் மேப்ஸில் விரல் வைத்து அழுத்தினால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் பத்து மீட்டர் துல்லியம் கிடைத்துவிடும். வேறு ஊர்களிலிருந்தும் பதிவுகள் வந்தால் அவற்றைச் சேர்த்து, தீப்பந்து எந்த ஊருக்கு மேல் எந்த உயரத்தில் போனது என்று கணக்கிடுவார்கள். ஒருவர் பார்த்ததில் திசை மட்டுமே உண்டு. நூறு கி.மீ. தள்ளி நின்ற இன்னொருவரின் திசையும் சேர்ந்தால்தான் தூரம் கிடைக்கும். ஆகவே 'யாராவது சொல்லியிருப்பார்கள்' என்று விட்டுவிடாதீர்கள்.

கே: எங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் பின்னால்தான் விழுந்தது. கண்ணால் பார்த்தோம். பையன்கள் இரண்டு நாளாகத் தேடுகிறார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. (வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்)

ப: தேடலை நிறுத்திவிடலாம். ஏரிக்கரைக்குப் பின்னால் அது மறைந்திருக்கலாம், ஆனால் அங்கே விழவில்லை. எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் நேரும் கண்மயக்கம் இது. பார்த்தவர்மேல் குற்றமில்லை. இரவில் ஒரு வெளிச்சம் மட்டும் தெரியும்போது அதன் தூரத்தைக் கண்டுபிடிக்கும் வசதி நம் கண்ணுக்குக் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். நன்றாகக் கீழே இறங்கிவரும் தீப்பந்துகூட 20 முதல் 30 கி.மீ. உயரத்தில் அணைந்துவிடும். 30 கி.மீ. உயரத்தில் அணைந்தது உங்களுக்குக் கண்மட்டத்திலிருந்து மூன்று முஷ்டி, அதாவது 30 டிகிரி உயரத்தில் தெரிந்தால், அது நிகழ்ந்த இடம் உங்களிடமிருந்து 52 கி.மீ. தள்ளி. ஒரே முஷ்டி உயரத்தில் தெரிந்தால், பூமியின் வளைவையும் சேர்த்து, ஏறக்குறைய 160 கி.மீ. சென்னையிலிருந்து கடலூருக்கு நேர்க்கோடு போட்டால் வரும் தூரம் அது. சென்னையில் நிற்பவர் 'தெற்கே பக்கத்துத் தெருவில் விழுந்தது' என்று நினைப்பது கடலூருக்கு மேல் அணைந்ததாக இருக்கலாம். கரைக்கே ஒட்டி மறைந்ததென்றால் இன்னும் தூரம்.

அணைந்த இடத்துக்கு நேர் கீழேதான் கல் விழும் என்றும் இல்லை. வேகம் குறைந்து ஒளி அணைந்தபின் மிச்சக் கல் இருட்டில் சில நிமிடம் விழுந்துகொண்டிருக்கும். மேல்காற்று அதைப் பல கி.மீ. தள்ளிவிடும். எடை கூடிய துண்டுகள் முன்னால் போய் விழும், சிறியவை பின்தங்கிக் காற்றோடு ஒதுங்கும். கல் கிடக்கும் பரப்பு அதனால் நீள்வட்டமாக அமைகிறது. அந்தப் பரப்பைக் கண்டுபிடிக்கப் பல ஊர்ச் சாட்சிகளும் அன்றைய மேல்காற்றின் கணக்கும் வேண்டும். பையன்களின் ஆர்வத்தை வீணாக்க வேண்டாம். ஏரிக்கரைக்குப் பின்னால் மறைந்த திசையை டிகிரியில் எடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உண்மையில் கல் கிடக்கும் ஊரில் தேடுபவர்களுக்கு அந்த எண்தான் வழிகாட்டும்.

கே: வெளிச்சம் அணைந்து மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனபின் இடி போல் சத்தம் கேட்டது. ஆனால் என் அம்மா வெளிச்சம் வந்த அந்த நொடியிலேயே 'சர்ர்ர்' என்று கேட்டதாகச் சொல்கிறார். எது உண்மை? (வாசகர், ஒசூர்)

ப: இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

இடி போன்றது அதிர்வலை. ஒலி நிமிடத்துக்கு ஏறக்குறைய 18 முதல் 20 கி.மீ. தான் நகரும். மூன்று நிமிடத்துக்கு மேல் என்றால் தீப்பந்தின் கீழ்முனை உங்களிடமிருந்து சாய்வாக 60 கி.மீ. அளவில் இருந்திருக்கிறது. முதல் பதிலில் பத்து நிமிடம் காது கொடுங்கள் என்றது இதற்காகத்தான். ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தை விநாடிக் கணக்கில் சொன்னால் தூரமே கிடைத்துவிடுகிறது. இன்னொன்று, தரையில் இடி கேட்டால் தீப்பந்து காற்றின் அடர்ந்த பகுதி வரை இறங்கியிருக்கிறது, கல் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு என்று பொருள்.

அம்மா கேட்டது வேறு. வெளிச்சத்தோடு கூடவே சீறல், பொரியும் ஓசை கேட்டதாகப் பல நூற்றாண்டுகளாகப் பல நாட்டு மக்கள் சொல்லிவருகிறார்கள். 60 கி.மீ. தூரத்து ஓசை அதே நொடியில் வர முடியாது என்பதால் நெடுங்காலம் இதைப் பிரமை என்று ஒதுக்கினார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விளக்கம் தருகிறது. மிகப் பிரகாசமான தீப்பந்தின் ஒளி சீராக இல்லாமல் படபடவென்று துடிக்கும். அந்தத் துடிக்கும் ஒளி கேட்பவருக்கு அருகிலுள்ள உலர்ந்த இலை, தலைமுடி, கருநிறத் துணி போன்றவற்றில் பட்டு, அவற்றை ஒட்டிய காற்றைச் சூடாக்கி ஆறவிட்டு மெல்லிய ஓசை எழுப்பலாம் என்பது அது. அம்மா நின்ற இடத்தில் மரமோ ஓலைக்கூரையோ இருந்ததா என்பதையும் பதிவில் சேருங்கள்.

இதில் உயிர்காக்கும் செய்தி ஒன்று இருக்கிறது. கண் கூசும் வெளிச்சம் வந்தால் ஜன்னல் அருகே போகக் கூடாது. 2013 பிப்ரவரி 15 காலை ஒன்பதரை மணிக்குச் சற்று முன்பு ரஷ்யாவின் செலியாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே ஏறக்குறைய 20 மீட்டர் அகலமுள்ள ஒரு பாறை, விநாடிக்கு 19 கி.மீ. வேகத்தில் வந்து, சுமார் 30 கி.மீ. உயரத்தில் வெடித்துச் சிதறியது. நகரத்தில் இருந்தவர்கள் ஒளியைப் பார்த்துவிட்டு, 'என்ன அது?' என்று ஜன்னலுக்கு ஓடினார்கள். அதிர்வலை வந்து சேர இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆனது. முகத்துக்கு நேரே கண்ணாடி உடைந்தது. ஏறக்குறைய 1,500 பேர் சிகிச்சைக்குப் போனார்கள், பெரும்பாலும் கண்ணாடிக் காயம். ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் தம் வகுப்புப் பிள்ளைகளை மேசைக்கு அடியில் குனியச் சொன்னார். பிள்ளைகள் தப்பினார்கள், நின்றுகொண்டிருந்த அவருக்குத்தான் வெட்டுக்காயம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்: பகல்போல வெளிச்சம் வந்தால் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, ஐந்து நிமிடமாவது சுவரோரம் உட்கார வேண்டும்.

கே: பச்சை நிறம் ஏன்? தாமிரமா? (வாசகர், சிவகாசி)

ப: பட்டாசில் பச்சைக்கு பேரியம் சேர்ப்பதை அறிந்த ஊர்க்காரரிடமிருந்து வந்த நல்ல கேள்வி. எரிகல்லில் பச்சை, நீலப்பச்சை பெரும்பாலும் மக்னீசியம் தருவது. சோடியம் ஆரஞ்சு மஞ்சள், கால்சியம் ஊதா, இரும்பு மஞ்சள். சிவப்பு பெரும்பாலும் கல்லிலிருந்து வருவதில்லை, சூடான காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் தருவது. வேகமும் நிறத்தை மாற்றும் என்பதால் நிறத்தை வைத்து மட்டும் கல்லின் வகையைச் சொல்லிவிட முடியாது.

கே: நாங்கள் பார்த்தது ஒரு நிமிடம் வரை நீடித்தது. கொத்தாகப் பல வெளிச்சங்கள் வரிசையாகப் போயின. இதுவும் தீப்பந்தா? (வாசகி, நாகர்கோவில்)

ப: அநேகமாக இல்லை. நேரம்தான் முதல் சோதனை. எரிகல் விநாடிக்கு 11 கி.மீ.க்குக் குறைந்து வருவதில்லை. ஆகவே ஐந்து விநாடி தாண்டுவதே அபூர்வம், பத்து விநாடி மிக அபூர்வம். நீளமாகப் போனவையும் உண்டு. 1992 அக்டோபர் 9 அன்று அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் மிகச் சாய்வாக நுழைந்த பீக்ஸ்கில் தீப்பந்து நாற்பது விநாடியைத் தாண்டியது. அது விதிவிலக்கு.

ராக்கெட் பாகமோ பழைய செயற்கைக்கோளோ காற்றுக்குள் திரும்பி வரும்போது விநாடிக்கு ஏறக்குறைய 8 கி.மீ. வேகம்தான். கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை, கொத்துக் கொத்தாகப் பொறி உதிர்த்தபடி போகும். 2022 ஏப்ரல் 2 மாலை மகாராஷ்டிரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கண்டது இதுவே. சந்திரபூர் மாவட்டத்தில் மூன்று மீட்டர் அகல உலோக வளையம் ஒன்று விழுந்து கிடந்தது. சீனாவின் சாங் செங் 3பி ராக்கெட்டின் பாகம் என்று கணித்தார்கள். இத்தகைய உலோகத்தைக் கண்டால் தொடாதீர்கள். எரிபொருள் தொட்டியின் மிச்சத்தில் நஞ்சு இருக்கலாம். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

ஒரே அளவு ஒளியுடன், உடையாமல், சீரான இடைவெளியில் ரயில்பெட்டிபோல் போனால் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். சிமிட்டினால் விமானம். சென்னைப் பக்கத்தவர்கள் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதல் நேரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கே: வீட்டுச் சிசிடிவியில் பதிவாகியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா? செல்போனில் நாமே படம் பிடிக்க முடியுமா? (வாசகர்கள், தேனி, புதுக்கோட்டை)

ப: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், மங்கிய நுனிப்பகுதி அழிந்துபோகும். மானிட்டரைச் செல்போனால் படம் பிடித்து அனுப்புவது அதைவிட மோசம். சிசிடிவிப் படம் பதிவாகும் டிவிஆர் பெட்டியில் பென்டிரைவைச் செருகி அசல் கோப்பையே எடுங்கள். வட்டு நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும், சில வீடுகளில் ஒரு வாரம்கூடத் தங்காது. ஆகவே அன்றே எடுத்துவிடுங்கள்.

எடுத்த கையோடு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. டிவிஆரின் கடிகாரம் தப்பாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். திரையில் ஓடும் நேரத்தையும் செல்போனில் இணையத்தோடு இணைந்த நேரத்தையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து வையுங்கள். எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்பது தெரிந்துவிடும். கேமராவைத் துடைக்கவோ திருப்பவோ வேண்டாம். அதே கோணத்தில் அடுத்த நாட்களில் நிலாவோ வெள்ளியோ வியாழனோ கடந்துபோனால் அந்தப் பதிவையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் அவை வானில் எங்கே இருந்தன என்பது துல்லியமாகத் தெரியும் என்பதால், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எந்தத் திசை, எந்த உயரம் என்று கணக்கிட்டுவிடலாம். மங்கலான ஒரு சிசிடிவிப் பதிவு அறிவியல் அளவீடாக மாறுவது இந்த இடத்தில்தான்.

நாமே பிடிப்பதென்றால் குறிபார்த்துச் சுட முடியாது. வலை விரித்துக் காத்திருக்க வேண்டும். முக்காலி கட்டாயம். கேமராவில் 14 முதல் 24 மி.மீ. அகல லென்ஸ், துளை எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, ஒவ்வொரு படத்துக்கும் 20 விநாடி. ஊர் வெளிச்சம் அதிகமென்றால் ஐஎஸ்ஓ 800, 6 முதல் 8 விநாடி. தொடர்ந்து எடுக்கும்படி இன்டர்வெல் வைத்துவிடுங்கள். 20 விநாடிப் படமும் 1 விநாடி இடைவெளியும் என்றால் மணிக்கு 171 படம். சுருக்காத அசல் படமான ரா கோப்பு 25 எம்.பி. என்று வைத்தால் மணிக்கு நாலே கால் ஜிபி. கார்டும் பேட்டரியும் அதற்கேற்ப இருக்க வேண்டும். செல்போனில் புரோ முறையில் 10 முதல் 15 விநாடி, ஐஎஸ்ஓ 800, ஃபோகஸ் முடிவிலிக்கு.

தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். தானியங்கி ஃபோகஸை விட்டுவைத்தால் இருட்டில் அலைந்து எல்லாப் படமும் கலங்கும். கைமுறைக்கு மாற்றி, பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் புள்ளியாக்கி, வளையத்தின்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டாவது, 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்' அணைந்திருக்க வேண்டும். அது இயங்கினால் ஒவ்வொரு 20 விநாடிக்கும் பின் கேமரா இன்னொரு 20 விநாடி கண்ணை மூடிக்கொள்ளும், பாதி இரவு வீண். மூன்றாவது பனி. ஏசி அறையிலிருந்து நேரே மாடிக்குக் கொண்டுபோனால் லென்ஸ் உடனே வியர்க்கும். மூடிய பைக்குள்ளேயே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். மார்கழியில் லென்ஸைச் சுற்றி ஒரு வெப்பப்பட்டை வேண்டும்.

கே: எந்த மாதம், எந்த நேரம் காத்திருந்தால் பார்க்கலாம்? (வாசகி, ஏற்காடு)

ப: ஏற்காட்டில் இருப்பவர் கொடுத்துவைத்தவர். டிசம்பர் 13, 14 இரவில் ஜெமினிட் எரிகல் பொழிவு. நம் அட்சரேகைக்கு மிகவும் ஏற்ற பொழிவு அது. முன்னிரவிலேயே தொடங்கி, இரவு இரண்டு மணியளவில் மிதுன ராசி உச்சிக்கு அருகில் வரும்போது உச்சம். விநாடிக்கு 35 கி.மீ. என்ற நிதான வேகம், நல்ல ஒளி. வடகிழக்குப் பருவமழை மேகம்தான் எதிரி. ஆகஸ்ட் 12, 13 பெர்சிட் பொழிவை ஐரோப்பியர் கொண்டாடுவார்கள். நமக்கு, எரிகற்கள் புறப்படுவதுபோல் தோன்றும் அதன் மையம் வடவானில் பாதி உயரம்கூட ஏறாது, விடியற்காலையில் ஓரளவு தெரியும். எண்ணிக்கை குறைவானாலும் தீப்பந்துக்கென்றே பார்க்க வேண்டியது அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடு வரையிலான டாரிட். என்கே வால்மீனின் சிதறல். மெதுவாக, மஞ்சளாக, பெரிதாக எரியும். 2015இலும் 2022இலும் அப்படிப் பல வந்தன.

பொதுவாக எரிகல் எண்ணிக்கை நள்ளிரவுக்குப் பின் கூடும். பூமி தன் பாதையில் முன்னோக்கி ஓடும் பக்கம் அப்போதுதான் நம் தலைக்கு மேல் வருகிறது. ஆனால் கல்லாகத் தரையில் மிஞ்சுபவை பூமியைப் பின்னாலிருந்து மெதுவாக எட்டிப் பிடிப்பவை. அவற்றுக்கு மாலைப் பொழுதே பொருத்தம்.

கே: வயலில் கறுப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்தது. காந்தம் ஒட்டுகிறது. விண்கல்தானே? என்ன விலை போகும்? (வாசகர், தருமபுரி)

ப: வானில் எரிவது எரிகல், எரிந்தபின் தரையில் மிஞ்சிக் கிடப்பது விண்கல். காந்தம் ஒட்டுவதால் மட்டும் விண்கல் ஆகாது. நம் மண்ணில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது உண்டு, இரும்பு உருக்கிய கசடு உண்டு. உடைந்த முனையை உற்றுப் பாருங்கள். ரொட்டியில் இருப்பதுபோல் குமிழி ஓட்டை தெரிந்தால் கசடு. பீங்கான் தரை ஓட்டின் மெருகிடாத அடிப்புறத்தில் கல்லை அழுத்தித் தேயுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் மேக்னடைட், செங்காவிக் கோடு விழுந்தால் ஹெமடைட் என்ற இன்னோர் இரும்புத் தாது. விண்கல் பெரும்பாலும் கோடு போடாது.

புதிதாக விழுந்த விண்கல்லின் அடையாளம் அதன் தோல். தோசைக்கல்லில் ஏறிய கரிபோல, ஒரு மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த தடிமனில், முழுவதும் போர்த்திய கறுப்பு ஓடு. உள்ளே வெளிர் சாம்பல் நிறம், அதில் பளிச்சென்று இரும்புத் துகள். மேலே பிசைந்த மாவில் கட்டைவிரல் பதிந்ததுபோன்ற குழிகள் இருக்கலாம். கருங்கல் நீரைப்போல் 2.7 மடங்கு கனம், சாதாரண விண்கல் ஏறக்குறைய 3.5 மடங்கு, இரும்பு விண்கல் எட்டு மடங்கை நெருங்கும்.

தீப்பந்து தெரிந்த சில நாட்களுக்குள் அப்படி ஒன்று கிடைத்தால், முதலில் கிடக்கும் நிலையிலேயே பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். இடத்தின் எண்களைக் குறியுங்கள். வெறுங்கையால் தொடாமல் கையுறையோ சுத்தமான பாலிதீன் பையோ மாட்டி எடுத்து, புதிய அலுமினியத் தாளில் சுற்றி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். கழுவாதீர்கள், மஞ்சள் குங்குமம் வைக்காதீர்கள், காந்தத்தை மறுபடி கொண்டுபோகாதீர்கள். அந்தக் கல்லுக்குள் சூரியக் குடும்பம் பிறந்த காலத்துக் காந்தப் பதிவு இருக்கலாம், நம் கைக் காந்தம் ஒரு நொடியில் அதை அழித்துவிடும். தெரிந்துதான் ஆக வேண்டுமென்றால் கல்லருகே திசைகாட்டி முள் அசைகிறதா என்று பாருங்கள்.

பிறகு கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவியுங்கள். இந்தியாவில் விழும் விண்கற்களைச் சேகரித்துக் காக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையுடையது. விலைக் கணக்கைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில் சூளகிரி அருகே 2008 செப்டம்பர் 12 அன்று விழுந்தது மொத்தம் ஏறக்குறைய 110 கிலோ. இரும்பு குறைந்த எல்.எல்.6 வகைக் கல். 'சூளகிரி' என்ற பெயரிலேயே உலக விண்கல் பட்டியலில் அது நிற்கிறது. துண்டு துண்டாக விற்றிருந்தால் அந்தப் பெயரும் இல்லை, ஆய்வும் இல்லை.

சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் வின்ச்கோம் ஊர் உதாரணம். 2021 பிப்ரவரி 28 இரவு பத்து மணிக்குச் சற்று முன் தீப்பந்து போனது. கேமராக்கள் பதிவு செய்தன, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பார்த்ததை எழுதி அனுப்பினார்கள். மறுநாள் காலை ஒரு வீட்டு வாசலில் கறுப்புத் தூளும் கல்லுமாகச் சிதறிக் கிடந்ததை அந்த வீட்டார் கையுறை போட்டுப் பைகளில் அள்ளி வைத்தார்கள். கரிமம் நிறைந்த, மழை பட்டால் கெட்டுவிடும் அபூர்வக் கல். எங்கிருந்து வந்தது என்ற சுற்றுப்பாதையும் சேர்ந்து கிடைத்தது. பாதை தெரிந்த விண்கற்கள் உலகத்திலேயே சில டஜன்தான். அந்த வரிசையில் முதலாவது 1959 ஏப்ரல் 7 அன்று செக் நாட்டில் விழுந்த பிரிப்ராம்.

கே: விழுந்த கல் சுடுமா? தீப்பிடிக்குமா? (மாணவர், விருத்தாசலம்)

ப: சிறு கல் சுடாது. உருகிய மேற்பகுதி மேலேயே கழன்றுவிடும். உள்ளே விண்வெளிக் குளிர். பிறகு சில நிமிடம் குளிர்ந்த காற்றில் விழுகிறது. 'விண்கல் விழுந்து வைக்கோல்போர் எரிந்தது' என்ற செய்தி வந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

கே: விண்கல் பட்டு மனிதர் இறந்ததுண்டா? வேலூரில் நடந்ததே? (வாசகர், ஆம்பூர்)

ப: 2016 பிப்ரவரியில் அப்போதைய வேலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்த வெடிப்பில் ஓர் ஓட்டுநர் இறந்தார், விண்கல் என்று அறிவிக்கப்பட்டது. படங்களைப் பார்த்த நாசா நிபுணர்கள், தரையில் நிகழ்ந்த வெடிப்பைப் போலவே இருக்கிறது என்றார்கள். குழி வெடித்த விதம் விண்கல்லுக்குப் பொருந்தாது. ஒரு சிறு கல் தரையில் வெடிக்கும் வேகத்தோடு வருவதில்லை, மணிக்குச் சில நூறு கி.மீ. வேகத்தில் எறிந்த கல்லைப்போல்தான் விழும். நன்றாகப் பதிவான நிகழ்ச்சி 1954 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் அலபாமாவில் ஆன் ஹாட்ஜஸ் என்ற பெண்மணிக்கு நேர்ந்தது. கூரையைத் துளைத்த கல் ரேடியோவில் மோதி அவர் இடுப்பில் பட்டது. பெரிய கன்றலோடு பிழைத்தார்.

கே: எரிநட்சத்திரம் விழுந்தால் பெரியவர்களுக்கு ஆகாது என்று பாட்டி சொல்கிறார். என்ன சொல்லி ஆறுதல்படுத்துவது? (வாசகி, கரூர்)

ப: பாட்டியின் அச்சம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது. அதை மதித்தே பேசுங்கள். புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஒரு மீன் விழக் கண்டு, சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு என்ன ஆகுமோ என்று நடுங்குகிறார். ஏழாம் நாள் மன்னன் இறந்துபோகிறான்.

ஆனால் அந்தப் புலவர் செய்த இன்னொரு காரியத்தையும் பாட்டிக்குச் சொல்லுங்கள். பங்குனி மாதம், நள்ளிரவு என்று காலத்தைக் குறித்தார். எந்த நாள்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எதிரே எழுந்தது, எது மறைந்தது என்று வானத்தின் நிலையைக் குறித்தார். விழுந்த மீன் கிழக்கேயும் போகவில்லை, வடக்கேயும் போகவில்லை என்று திசையைக் குறித்தார். தீப் பரந்ததையும் காற்றில் பொங்கியதையும் எழுதினார். இன்று படிவத்தில் கேட்கும் நேரம், இடம், திசை, தோற்றம் எல்லாம் அந்தப் பாட்டில் இருக்கின்றன.

ஒவ்வோர் இரவும் உலகெங்கும் தீப்பந்துகள் விழுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை கடலுக்கு மேலும் காட்டுக்கு மேலும் யாரும் காணாமல் அணைகின்றன. பாட்டி தம் வாழ்நாளில் கண்டவை எத்தனை, எந்த மாதம், எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதி வையுங்கள். அடுத்ததைப் பார்க்கும்போது அவரை முதலில் மணி பார்க்கச் சொல்லுங்கள்.